ஓ.பி.எஸ்ஸைத் திரும்பச் சேர்ப்பது: ஊரில் பார்த்தது, வீட்டில் கேட்டது

தேனிக்காரன்:
டிவி விவாதத்தில் கேட்டதை இங்கே கொட்ட வேண்டாம். அ.தி.மு.க.வில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தை (ஓ.பி.எஸ்.) மறுபடி சேர்க்கலாமா என்ற பேச்சு உங்கள் தெருவில் எப்படி ஓடியது, அதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் சித்தப்பா பெரியகுளம் பக்கம் கிளைச் செயலாளர். 2022 ஜூலை 11 அன்று வானகரம் பொதுக்குழுவில் ஓ.பி.எஸ்ஸை நீக்கினார்கள். அதே நாளில் ராயப்பேட்டை அலுவலகத்தில் கல்வீச்சு, சீல் வைப்பு. எங்கள் ஊரில் கல் எதுவும் பறக்கவில்லை. வம்பு முழுக்கக் கொடிக்கம்பத்துக் கல்வெட்டில்தான். மேலே 'ஒருங்கிணைப்பாளர்' ஓ.பி.எஸ்., கீழே 'இணை ஒருங்கிணைப்பாளர்' எடப்பாடி பழனிசாமி என்று இரண்டு பேரையும் கிரானைட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். அப்போதைய கிளைச் செயலாளர் ஓ.பி.எஸ். பக்கம் போய்விட்டதால் பதவி சித்தப்பாவுக்கு வந்தது. முதல் வேலையாக வெள்ளை சிமெண்ட் குழைத்து மேல் வரியைப் பூசினார். ஒரு மழை போதும், எழுத்து லேசாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மறுபடி பூசுவார். பழைய செயலாளர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். ஒரே தெருக்காரர்கள். அவர் பேத்தி காதுகுத்துக்குச் சித்தப்பா போகவில்லை. சித்தி மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார்.

2025-ல் இணைப்புப் பேச்சு பலமாக அடிபட்டபோது சித்தப்பாவிடம் கேட்டேன். "வரட்டும்ப்பா, நல்ல மனுசன்தான். ஆனா அவரு வந்தா கூடவே பழைய செயலாளரும் வருவாரே. அப்புறம் என்னை எங்க உக்கார வைப்பாங்க?" என்றார். என்னைக் கேட்டால் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு கேள்விதான். மேலே இருப்பவர்களுக்கு ஒரு சால்வை, ஒரு போட்டோவோடு முடிந்துவிடும்.

பரமக்குடி மகள்:
2024 மக்களவைத் தேர்தல் எங்கள் தொகுதியில் ஒரே கூத்து. ராமநாதபுரத்தில் ஓ.பி.எஸ். பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சை. அவரோடு சேர்த்து ஆறு ஓ. பன்னீர்செல்வம்! எங்கள் அப்பத்தாவுக்கு வீட்டிலேயே துண்டுச் சீட்டைக் காட்டிப் பலாப்பழம், பலாப்பழம் என்று பாடம் நடத்திக் கூட்டிப்போனோம். வெளியே வந்ததும், "இலை இருந்துச்சுல்ல, அதுலதான் போட்டேன். கை தானா போயிருச்சு" என்றார். அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

ஆனால் ஒன்று. அந்தத் தேர்தலில் ஓ.பி.எஸ். மூன்றே கால் லட்சத்துக்கு மேல் வாங்கி இரண்டாவது வந்தார். இரட்டை இலை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அவரால் ஒரு பயனும் இல்லை என்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். பா.ஜ.க. கூட்டணி ஓட்டும் அதில் இருக்கிறது, சரி, மறுக்கவில்லை.

வைகைக்கரை:
கொஞ்சம் பழைய கதை. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாகி நின்ற 1989 ஜனவரித் தேர்தலில் எங்கள் அப்பா சேவல் (ஜெயலலிதா அணி), தாய்மாமா இரட்டைப் புறா (ஜானகி அணி). ஒரே வீட்டுச் சுவரில் வாசலுக்கு இந்தப் பக்கம் சேவல், அந்தப் பக்கம் புறா. சேவல் 27 இடம், புறா இரண்டே இடம். ஜானகி அம்மாவே ஆண்டிபட்டியில் தோற்றார். அவர் ஒதுங்கிக்கொண்டதும் பிப்ரவரியில் கட்சி ஒன்றானது, இலை திரும்பி வந்தது, அடுத்த மாதமே மதுரை கிழக்கு இடைத்தேர்தலில் ஜெயித்தார்கள். அப்பாவும் மாமாவும் ஒரே வாளிச் சுண்ணாம்பில் சேவலையும் புறாவையும் அழித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது, வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தேர்தலில் போடியில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற வெண்ணிற ஆடை நிர்மலாவுக்கு ஓ.பி.எஸ். வேலை பார்த்தவர் என்று எடப்பாடி தரப்பு குத்திக்காட்டியது உண்டு. ஜெயலலிதாவே அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் 2001-ல் அவரை முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தாரே! ஆனால் அன்றைக்கு ஒருவர் முழுசாக விலகினார். இந்த முறை விலகத் தயாராக ஆளே இல்லை. அதனால் நான் சேர்க்க வேண்டாம் கட்சி.

கோபி பஸ் ஸ்டாண்ட்:
எங்கள் ஊரில் 2025 செப்டம்பர் 5 அன்று முன்னாள் அமைச்சர் செங்கோட்டையன் கட்சித் தலைமைக்குப் பத்து நாள் கெடு வைத்தார், போனவர்களைச் சேருங்கள் என்று. கடை வாசலில் அன்று நிற்க இடமில்லை. அக்டோபர் 31-ல் அவரையே நீக்கினார்கள். நவம்பர் கடைசியில் அவர் விஜய்யின் த.வெ.க.வுக்குப் போனார். எங்கள் கடைக்கு வருகிற கட்சிக்காரர்கள் அதற்கப்புறம் அரசியலே பேசுவதில்லை. மஞ்சள் விலையைப் பேசிவிட்டுப் போகிறார்கள்.

வைகைக்கரை:
தேனிக்காரரே, அந்தக் கல்வெட்டு இப்போது எப்படி இருக்கிறது?

தேனிக்காரன்:
பூசின மாதிரியேதான். மிச்சமிருந்த வெள்ளை சிமெண்டைச் சித்தப்பா பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார். தூக்கிப் போட வேண்டியதுதானே என்றேன். "இருக்கட்டும்ப்பா, அடுத்து எந்த வரிக்கு வேணுமோ" என்றார்.