ஆரஞ்சுப் பூவை அனுப்பியது ஜூலியா டட்டிலா?

தண்டவாளம்: ஜூலியா டட்டில் அனுப்பிய ஆரஞ்சுப் பூங்கொத்தைக் கண்டு மனம் மாறித்தான் அமெரிக்க ரயில் அதிபர் ஹென்றி ஃபிளாக்லர் மயாமிக்கு ரயில்பாதை போட்டார் என்று வடகரை என்பவர் இங்கே எழுதியிருப்பதைப் படித்து எரிச்சலே வந்தது. 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் ஃபுளோரிடாவின் தோட்டங்களைக் கருக்கிய உறைபனிக்குப் பிறகு, தெற்கே கருகாமல் நின்ற மரங்களில் தாமே பூப்பறித்து, ஈரப்பஞ்சில் பொதிந்து கொண்டுபோனதாக ஃபிளாக்லரின் அலுவலர் ஜேம்ஸ் இங்கிராம் பின்னாளில் கூறியிருக்கிறார். டட்டில் அனுப்பவில்லை.

வடகரை: கணவரை இழந்த ஒரு பெண் 1891இல் கிளீவ்லாந்திலிருந்து வந்து, மயாமி ஆற்றின் வடகரையில் 640 ஏக்கர் வாங்கி, ரயில் வரவேண்டும் என்று விடாமல் வேண்டி, தம் நிலத்தில் பாதியையே ஃபிளாக்லருக்குக் கொடுத்தார். இதற்கு மேல் ஓர் ஊரை உருவாக்க என்ன செய்ய வேண்டும்?

தண்டவாளம்: நான் கேட்டது நிலத்தைப் பற்றி அல்ல, பூவைப் பற்றி. சென்ற மாதமும் நீங்கள் இப்படித்தான் கேட்ட கேள்வியை விட்டு வேறொன்றுக்குப் பதில் சொன்னீர்கள், நான் மறக்கவில்லை.

தென்கரை: 1871 முதலே தென்கரையில் வணிகம் நடத்திய வில்லியம் பிரிக்கெல், மேரி பிரிக்கெல் இருவரும் ரயிலுக்காக நிலம் கொடுத்தவர்களே. அவர்கள் பெயரை இங்கே ஒருவரும் சொல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

வடகரை: பிரிக்கெல் குடும்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எல்லாரையும் நிறுவனர் என்றால் அச்சொல்லுக்கு மதிப்பேது?

கரித்தூள்: 1896 ஏப்ரலில் ரயில் வந்தது, ஜூலை 28இல் ஊரை நகரமாக்க வாக்களித்தவர்களில் கணிசமானோர் கறுப்பினத் தொழிலாளர்கள். காட்டை வெட்டிய அவர்களை விட்டுவிட்டு ஒரு பூவுக்காகச் சண்டையிடுகிறீர்களே!

வடகரை: அந்த வாக்கெடுப்பில் பெண் என்பதால் டட்டிலுக்கு வாக்கே இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்டவாளம்: வாக்கு வேறு, பூ வேறு. பூவைக் கொண்டுபோனவர் இங்கிராம்.

வடகரை: அந்த இங்கிராமே புறப்படுமுன் டட்டிலைச் சந்தித்துப் பேசியதாகத்தானே சொல்கிறார்? கடனை விட்டுவிட்டு 1898இல் 49 வயதில் இறந்த பெண்ணிடமிருந்து இந்தப் பூவையும் ஏன் பறிக்கிறீர்கள்?

தண்டவாளம்: சந்தித்தார் என்பது அனுப்பினார் என்றாகாது. அனுப்பினார் என்பதற்கு டட்டில் கைப்பட எழுதிய கடிதத்தைக் காட்டுங்கள். அதுவரை இதையே கேட்பேன்.

தென்கரை: அதே பயணத்தில் இங்கிராம் பிரிக்கெல் தம்பதியரையும் சந்தித்தார் என்பதை இருவருமே மறைக்கிறீர்கள்.