ஆப்பிரிக்க நாடுகளில் மனிதவள முதலீடு: பள்ளிக் கட்டணத்தை நீக்கினால் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் இளைஞன், மலேசியா

வணக்கம். எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் ஆப்பிரிக்கப் பொருளாதாரம் குறித்து நான் பேச வேண்டியுள்ளது. செம்பும் எண்ணெயும் ஈட்டித் தந்த பணம் அடித்தட்டு மக்களை எட்டாத நாடுகள் அங்கே பல இருப்பதால், கல்விக்கும் உடல்நலத்துக்கும் செலவிடுவதே எல்லாரையும் கைதூக்கிவிடும் வழி என்கிறார்கள். பள்ளிக் கட்டணத்தை நீக்கிய நாடுகளில் அது நடந்ததா?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, தெலுக் இந்தான்

தம்பி, மலாவியிலிருந்து தொடங்குங்கள். 1994இல் அங்கே தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டதும், ஏறத்தாழ 1.9 மில்லியனாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 3 மில்லியனை நெருங்கியது. முழுப் பயிற்சி பெறாத ஏறத்தாழ 20,000 பேரை அவசரமாக ஆசிரியர்களாக்கி, மரநிழலிலும் வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் பலர் எழுதப் படிக்கத் தெரியாமலேயே பாதியில் நின்றார்கள்.

இது நமக்குப் புதிதன்று. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று இங்கே 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடித்து வந்த கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோ, ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பாடம் சொன்ன தோட்டங்கள் எத்தனை! ஆசிரியரை உருவாக்காமல் கதவை மட்டும் திறப்பதை முதலீடு என்று நான் சொல்லமாட்டேன்.

மறுமொழி: கணக்காளர், பகாவ்

ஆசிரியை சொல்வது சரி. ஆனால் படித்தவருக்கு வேலையும் வேண்டுமே. கரும்பை நம்பியிருந்த மொரிசியஸ், 1970இல், ஏற்றுமதிக்காகப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி வலயச் சட்டம் இயற்றியது. 1977இல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. ஆடைத் தொழிற்சாலைகளில் பெருமளவில் வேலை பெற்றவர்கள் பெண்கள். அங்கும் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்கள் பலர் பின்தங்கியே இருக்கிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி: கிளினிக் தாதி, கூலிம்

எத்தியோப்பியாவையும் விட்டுவிடாதீர்கள். 2003இல் தொடங்கிய திட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சியளித்து, அரசுச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிகளின் கவனிப்பு, கழிப்பறை என வீடுவீடாகச் செல்லும் இவர்களின் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது. கிராமத்துக்கு மருத்துவ வசதி கிடைத்தது. அப்பெண்களுக்குச் சொந்த வருமானமும் கிடைத்தது.

சுங்கை சிப்புட் இளைஞன்:

மிக்க நன்றி. கடனில் மூழ்கிய நாடு இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போகும் என்று மன்றத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

கணக்காளர், பகாவ்:

சாம்பியாவைக் காட்டுங்கள். 2020இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற அந்நாடு, 2022இல் இடைநிலைப் பள்ளி வரை கட்டணத்தை நீக்கி, அதே ஆண்டில் 30,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களையும் சேர்த்தது. அதற்கு வழிவிட எரிபொருள் மானியத்தைக் குறைத்தார்கள். 2024இல் இங்கே டீசல் மானியத்தில் கைவைத்தபோது எழுந்த முணுமுணுப்பை நினைத்துப் பார்த்தால், அந்த முடிவு அங்கே பேருந்தில் போகிறவரை எப்படிச் சுட்டிருக்கும் என்பது உங்கள் மன்றத்தாருக்கு விளங்கும்.