தலைப்பைப் பார்த்து ஏமாந்து வாங்கின நாவல்

சிட்னிவாசி:

எங்க ஏரியா நூலகத்தில் கழிச்சுக் கட்டின புத்தகங்களை வாசல்ல ஒரு தள்ளுவண்டியில போட்டிருப்பாங்க. எதை எடுத்தாலும் ஒரு டாலர். அதில் கிடைச்சது ஆஸ்திரேலிய எழுத்தாளர் கிறிஸ்டினா ஸ்டெட் எழுதின ‘தி மேன் ஹூ லவ்ட் சில்ட்ரன்’. குழந்தைகளை நேசித்த மனிதர்! அப்பாவுக்கு எழுபது வரப்போகுது, ஊருக்குப் போகும்போது கொடுக்கலாம்னு எடுத்தேன். நல்லவேளை, ரயிலில் முதல்ல நான் படிச்சேன்.

சாம் பொல்லிட். அரசாங்க உத்தியோகம், இயற்கை ஆராய்ச்சி, குடி கிடையாது, வாயைத் திறந்தா உலக சகோதரத்துவம். வாஷிங்டன்ல ஜார்ஜ்டவுன் பகுதியில் பெரிய பழைய வீடு. பிள்ளைகள்கிட்ட தானே உண்டாக்கின மழலையில்தான் பேசுவார். ஆளுக்கொரு செல்லப்பேர், ஞாயிற்றுக்கிழமைன்னா வீடே திருவிழா. இவ்வளவு நல்ல அப்பாவான்னு பொறாமையா இருந்துச்சு. ஒரு ஐம்பது பக்கம் போனதும்தான் அந்த மழலை உறுத்த ஆரம்பிச்சது. முதல் மனைவியின் மகள் லூயிக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயசு. அவ குண்டா இருக்கிறதையும் தடுமாறுறதையும் அதே செல்லப் பேச்சுல எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணுவார். அழுதா, “அப்பா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்.”

இரண்டாம் மனைவி ஹென்னி நேரெதிர். கடன், கூச்சல், அடி. பெத்த மகன் சேர்த்து வச்ச காசையே எடுத்துடுவா. புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கறதில்லை, சேதியெல்லாம் பிள்ளைகள் வழியாத்தான் போகும்.

கதை அமெரிக்காவில் நடக்குதே தவிர, இது ஸ்டெட்டோட சொந்த வீடு. அவர் வளர்ந்த வாட்சன்ஸ் பே இங்கே சிட்னியிலதான் இருக்கு, சர்குலர் கீ படகுத்துறையில ஏறினா போயிடலாம். அமெரிக்கப் பதிப்பாளருக்காகத்தான் கதையை அங்கே மாத்தினாங்க. ஸ்டெட்டோட அப்பாவும் இயற்கை ஆராய்ச்சியாளர், ஸ்டெட்டுக்கும் சித்தி, கீழே ஆறு தம்பி தங்கைகள். சர்குலர் கீ நடைபாதையில் எழுத்தாளர்கள் பேர் பொறிச்ச வட்டத் தகடுகள் பதிச்சிருக்காங்க. அதுல இவருடையதும் ஒண்ணு. எத்தனை வருஷமா மிதிச்சுக்கிட்டே போயிருக்கேனோ.

இங்கே வேற யாராவது படிச்சிருக்கீங்களா?

நெல்லை வாத்தியார்:

படிச்சிருக்கேம்மா. நான் வந்தது பின்வாசல் வழியா. ரேண்டல் ஜேரல்னு அமெரிக்கக் கவிஞர், அவரோட கட்டுரைத் தொகுப்பு ஒண்ணு கல்லூரி நூலகத்தில் தூசி படிஞ்சு கிடந்தது. அதில் ‘படிக்கப்படாத புத்தகம்’ என்று ஒரு கட்டுரை. 1940இல் வந்து, யாரும் கவனிக்காமல் மூழ்கிப் போன இந்த நாவலை 1965இல் மறுபடியும் அச்சேற்றினார்கள். அதற்கு அவர் எழுதின முன்னுரைதான் அது. நாவல் என்றால் என்ன என்பதற்கு அதில் ஒரு விளக்கம் தருவார்: ஏதோ ஒரு கோளாறுள்ள, ஓரளவு நீளமான உரைநடைக் கதை! வகுப்பில் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பேன். பாவம், அதே வருஷம் அக்டோபரில் இறந்துவிட்டார். மூலப் புத்தகம் என் கைக்கு வர இன்னும் எட்டு வருஷம் ஆனது.

ஏன் மறந்தார்கள்? போர்க்காலம் என்பது ஒரு காரணம். எனக்குத் தோன்றுவது வேறு. இது நம்மையும் சாமோடு சேர்த்துச் சிரிக்க வைத்துவிடுகிறது. முதல் நூறு பக்கம் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சில பக்கங்களைத் தமிழில் சொல்லிச் சொல்லி வீட்டுக்காரியிடம் வாசித்தும் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், “இந்த ஆளு வாயவே மூட மாட்டானா? அந்தப் பிள்ளைய ஒரு வார்த்த பேச விடுதானா?” அன்றைக்குத் திரும்ப முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அரைப்புத்தகம்:

நான் பாதியில விட்ட கேஸ். ஐந்நூறு பக்கத்துக்கு மேல. ஒரே சத்தம். சாம் ஏதோ ஆராய்ச்சிக் குழுவோட மலாயாவுக்குப் போறாரே, அதோட மூடி வச்சுட்டேன். உண்மையைச் சொன்னா, அந்த ஆள் வீட்டில் இல்லாத பக்கங்கள்தான் நிம்மதியா இருந்துச்சு.

மழைக்கால்:

அக்கா, ரெண்டு நாளா இதை எழுதி எழுதி அழிச்சுட்டிருக்கேன்.

எங்க வீட்டில் அடி கிடையாது. என் மேல ஒரு கை பட்டதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு கூப்பிட்டிருந்தாலும் என்னன்னு சொல்லியிருப்பேன்? ஒன்பதாம் வகுப்புல நான் நோட்டில் எழுதி வச்ச கவிதைகளை அப்பா ராத்திரி சாப்பாட்டு நேரத்துல எடுத்து, நடிச்சு வாசிப்பார். சித்தப்பா, அத்தை எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிக்கலைன்னா “ரோஷத்தைப் பாரு”ன்னு இன்னொரு சுற்று நடக்கும்.

இந்த நாவல்ல லூயி அப்பாவோட பிறந்தநாளுக்கு ஒரு நாடகம் எழுதுவா இல்லையா? தானே கண்டுபிடிச்ச ஒரு பாஷையில. தம்பி தங்கைகளை வச்சு நடிச்சுக் காட்டுவா. ஏன் ஒழுங்கா இங்கிலீஷ்ல எழுதலைன்னு சாம் கேட்பார். அந்தக் காலத்து கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் இங்கிலீஷ்லயா எழுதினார்னு திருப்பிக் கேட்பா. மொழிபெயர்ப்பைப் பார்த்தா, பாம்பு மனுஷனான ஒரு அப்பா மகளை இறுக்கியே கொல்ற கதை. அந்த இடத்தில் புத்தகத்தைக் குப்புறப் போட்டுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். பத்தாம் வகுப்பிலிருந்து நானும் ஒரு எழுத்து வச்சிருந்தேன். ‘அ’வுக்கு ஒரு கோடு, ‘க’வுக்கு ரெண்டு புள்ளி, இப்படி. அந்த நோட்டு இன்னும் இருக்கு. இப்ப எனக்கே படிக்கத் தெரியலை.

சிட்னிவாசி:

மழைக்கால், அழிக்காம போட்டதுக்கு நன்றிம்மா. வேற எதுவும் சொல்லத் தெரியலை.

அரைப்புத்தகம் தம்பி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். நேரா கடைசிப் பகுதிக்கு வாங்க. சாமுக்கு வேலை போயிடுச்சு, ஆற்றங்கரையில் ஒரு இடிஞ்ச வீட்டுக்குக் குடிவந்திருக்காங்க. யாரோ அனுப்பின பெரிய மார்லின் மீனை, எண்ணெய் எடுக்கணும்னு துணி வேகவைக்கிற கொப்பரையில் போட்டு, பிள்ளைகளை முறை போட்டு எழுப்பி ராத்திரி பூரா கொதிக்க விடுவார். சுவர், துணி, தலைமுடி, சாப்பாடு எல்லாத்திலும் அந்த நாத்தம். அப்பா மட்டும் குஷியா இருப்பார். அதைத் தாண்டிட்டீங்கன்னா முடிவு வரைக்கும் கீழே வைக்க மாட்டீங்க. முடிவை இங்கே யாரும் சொல்லிடாதீங்க.

அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்துட்டேன். புத்தகம் என்கிட்டதான் இருக்கு. தை மாசம் ஊருக்கு வர்றேன், வேணும்னா தனிச்செய்தியில் சொல்லுங்க, கொண்டு வர்றேன். அட்டை கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்.