சமணர் மலையில் பெயிண்டால் எழுதிய பெயர்கள்: தின்னர் போட்டு அழிக்கலாமா?

குன்றேறி:
மதுரை கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளம் போகும் வழிப் பாறைகளில் காதலர் பெயர், கட்சிச் சின்னம் என்று எனாமல் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூரான கல்லால் கீறினவையும் உண்டு. கம்பி பிரஷ், தின்னர், ஆசிட் மூன்றும் கைவசம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் போனால் அழித்துவிடலாமா?

சுண்ணாம்புக்காரை:
மூன்றும் வேண்டாம். கம்பி பிரஷ் தேய்த்தால் இரும்புத் துகள் கல்லில் தங்கி, ஒரே மழையில் துருக்கறை. ஆசிட் கருங்கல்லில் உள்ள கருப்பு மைக்காவின் இரும்பைக் கரைத்து மஞ்சள் படலமாக வெளியே தள்ளும். அதை எடுப்பது பெயிண்டை எடுப்பதைவிடச் சிரமம். தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் கரைந்த நிறம் கல்லின் நுண்துளைக்குள் இறங்கி, எழுத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும்.

பயிற்சி பெற்றவர்கள் செய்வது பற்றுப் போடுவது. கல்வெட்டுக்குத் தள்ளி, கண்ணில் படாத மூலையில் 2 அங்குலச் சதுரத்தில் முதலில் சோதனை. காகிதக் கூழை அசிட்டோனில் நனைத்து ஒரு செ.மீ. கனத்துக்கு அப்பி, பாலிதீனால் மூடி ஊறவைப்பார்கள். பிறகு மூடியை எடுத்துக் காயவிட்டால், ஆவியாகும் திரவத்தோடு நிறமும் கூழுக்குள் ஏறும். ஒரே தடவையில் போகாது. பழைய எனாமல் கரையவே கரையாது, ஊறி உப்பும். அதை மழுங்கிய மூங்கில் குச்சியால்தான் எடுக்க வேண்டும். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். பக்கத்தில் கற்பூரம் எரிகிற இடத்தில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கீறலை அப்படியே விடுங்கள். அதை மறைக்கத் தேய்த்தால் நூற்றாண்டுகளாகக் கறுத்த மேல்தோல் போய், கீறலைவிடப் பெரிய வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

வட்டெழுத்து:
அதைவிட முக்கியம், அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பழங்கால நினைவுச் சின்னங்களைக் காக்கும் 1958 சட்டத்தின் 30ஆம் பிரிவில், சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் சுரண்டினாலும் சேதம் சேதம்தான். நீங்கள் செய்யக்கூடியது படப் பதிவு. தூரத்திலிருந்து ஒன்று, முழுப் பாறை ஒன்று, அளவுகோலோடு நெருக்கத்தில் ஒன்று. தேதி, ஜிபிஎஸ் புள்ளியோடு துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுங்கள். அளவுகோலைப் பாறையில் ஒட்டாதீர்கள், கையில் பிடியுங்கள்.

பேச்சிப்பள்ளத்தில் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவில், வரிகள் இருக்கின்றன. படிக்கச் சாக்பீஸ் தடவுகிறவர்களும் பெயிண்ட்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. இருட்டும் நேரத்தில் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தால் எழுத்து தானே நிழலாக எழும்பும்.

குன்றேறி:
சரிங்க, படம் மட்டும் எடுக்கிறோம். சிற்பத்தில் வழிந்த விளக்கெண்ணெய்க்கும் இதே பற்றுதானா?

சுண்ணாம்புக்காரை:
எண்ணெய்க்குக் கூழுக்குப் பதில் எண்ணெய் உறிஞ்சும் களிமண். அதுவும் துறை ஆட்கள் வேலை. வெந்நீரும் சோப்பும் போட்டால் எண்ணெய் உள்ளே போகும், நுரை வெளியே வரும்.