மேட்ச் தந்த பூஜ்யம்: விம் ஃபங்ஷன் உதவிப் பக்கங்களோடு எங்கள் மூவரின் அனுபவம்

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். '#' குறியில் தொடங்கும் வரிகளை அழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியையும் மேட்ச்() ஃபங்ஷனிடம் கொடுத்து, பொருந்தினால் அழி என்று ஒரு இஃப் போட்டேன். ஓட்டிப் பார்த்தால் '#' வரிகள் மட்டும் பத்திரமாக நிற்கின்றன, மற்றதெல்லாம் காலி! அன்டூ செய்து மீட்டுக்கொண்டு காரணம் தேடினேன்.

மேட்ச்() ஆம், இல்லை என்று சொல்வதில்லை. பொருத்தம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். வரியின் தொடக்கத்திலேயே பொருந்தினால் 0, எங்குமே பொருந்தாவிட்டால் -1. விம் ஸ்கிரிப்டில் எண்களில் 0 மட்டும்தான் பொய், -1 உண்மை. ஆக, எனக்கு அப்படியே தலைகீழ். இதே விம்மில், கோப்பு முழுக்கத் தேடும் சர்ச்() எதுவும் கிடைக்காவிட்டால் 0 தரும். அது தருவது வரி எண், வரிகள் 1இல் தொடங்குகின்றன. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயம்தான், ஒன்றைப் பழகிவிட்டு இன்னொன்றுக்குப் போகிறவன்தான் விழுகிறான்.

உதவிப் பக்கத்தில் -1 பற்றி எழுதித்தான் இருக்கிறது. முதல் வரியோடு நிறுத்திவிட்டது நான். அதனால் இப்போது ஆவணம் திருத்த உட்கார்ந்தால், எதுவும் கிடைக்காதபோது ஃபங்ஷன் என்ன தரும் என்பது கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

—

என்னை மாட்டிவிட்டது, சொல்லின் நீளத்தைச் சொல்லும் ஸ்ட்ர்லென்(). 'தமிழ்' என்று கொடுத்தால் 15 என்றது. அது எண்ணுவது பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட். குறியீடுகளை எண்ணும் ஸ்ட்ர்சார்ஸ்() 5 என்கிறது. துணைக்குறிகளைத் தனியாக எண்ணாதே என்று அதற்கே இரண்டாவது ஆர்குமென்ட்டாக 1 கொடுத்தால் 3.

நான் எழுதிவைத்திருந்த குறிப்பில் எடுத்துக்காட்டு வெறும் 'ஏபிசி', அதுவும் ஆங்கில எழுத்தில். அதற்கு மூன்று வழியிலும் 3தான் வரும், வித்தியாசமே தெரியாது. எடுத்துக்காட்டை 'தமிழ்' என்று மாற்றினேன். விளக்கத்தில் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை, அப்புறம் யாரும் வந்து கேட்கவும் இல்லை.

—

என் கதை கொஞ்சம் அசிங்கம். நானே எழுதிய பிளகினுக்கு (விம்மோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) உதவிக் கோப்பு எழுதும்போது பக்கத்து ஃபங்ஷனின் பகுதியை நகலெடுத்து ஒட்டினேன். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே இருக்கும் டேகை, அதாவது அந்தப் பகுதியைத் தேடிப் போக உதவும் பெயரை, மாற்ற மறந்துவிட்டேன். டேக்குகளைத் திரட்டும் ஹெல்ப்டேக்ஸ் கட்டளை உடனே ஈ154 என்ற பிழை காட்டிக் கத்தியது: ஒரே டேக் இரண்டு இடத்தில். சரி, திருத்தினேன்.

ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த 'மூலப் பட்டியலை மாற்றாது' என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. அந்த ஃபங்ஷன் உள்ளே சார்ட்()டை அழைக்கிறது. சார்ட்() கொடுத்த பட்டியலையே வரிசைப்படுத்திவிடும், மூலம் வேண்டுமென்றால் முதலில் காப்பி() செய்ய வேண்டும். பட்டியல் கலைந்துபோன ஒருவர் எழுதிக் கேட்கும்வரை எனக்கு அது தெரியவே இல்லை. அவருக்கும் முதலில், "உதவிப் பக்கத்தைப் படியுங்கள்" என்றுதான் பதில் போட்டேன்.