ஃபுட்போல் வீடியோ கேமில சிசர் கட் (முதுகுப்பக்கமாப் பாய்ஞ்சு, பந்தைத் தலைக்கு மேலால அடிக்கிறது) அடிச்ச கதையள்: மறக்கேலாத ஒண்டைச் சொல்லுங்கோ

கொக்குவில்காரன்:
2022 பங்குனி, கரண்ட் வெட்டுக் காலம். அண்டைக்கு ஆறு மணிக்கு எண்டு அட்டவணையில கிடந்தது. மச்சானோட ஃபீஃபா 22. ரெண்டுக்கு ரெண்டு, 88ஆவது நிமிசம். வலப்பக்கத்தால குறொஸ் போட்டன், ரொனால்டோவுக்குக் கொஞ்சம் பின்னுக்கு வந்துது. கொன்ட்ரோலரில எல்2 பட்டனை அமத்திக்கொண்டு வட்டப் பட்டனை ஒரு தட்டு. ஆள் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பிட்டார், வலக்கால் தலைக்கு மேல, கோல்கீப்பர் அசையேல்லை. பந்தில கால் பட்ட சத்தம் கேட்டுது. ரீவி கறுப்பு. ஃபேனும் நிண்டுட்டுது. ஆறு மணிக்கு இன்னும் எட்டு நிமிசம் கிடக்கு! கோலோ இல்லையோ, இண்டைக்கும் தெரியாது. மச்சான் இல்லவே இல்லை எண்டுறான்.

நாவாந்துறைப் பெடியன்:
மச்சான் சொல்லுறதுதான் சரி. ஒரு தட்டுக்குப் பவர் ஏறாது, கோல்கீப்பரின்ர கைக்குத்தான் போயிருக்கும். நான் அடிச்சது கம்பத்தில பட்டது, அவ்வளவுதான் என்ர கதை. ஆனா இனி அடிக்கிறவை கேளுங்கோ. பந்து இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில வரவேணும். நிலத்தால வாற பந்துக்கு எல்2 அமத்தினா ரபோனா (நிக்கிற காலுக்குப் பின்னால மற்றக் காலைச் சுத்தி அடிக்கிறது) மாதிரி வேற ஏதும்தான் வரும். பந்து வரமுதலே அமத்தி வையுங்கோ. பவர் அரைவாசிக்கு மேல போனா வானத்துக்கு. ஃபீஃபாவுக்குப் பிறகு வந்த எஃப்சி 24-இல இருந்து, அக்ரோபாட்டிக் பிளேஸ்டைல் எண்ட தனித்திறமை இருக்கிற ஆளாப் பாத்து எடுங்கோ. 2018 சித்திரை 3, தூரின்ல நடந்த உண்மையான மட்ச்சில, றியல் மட்ரிட் கார்வகால் போட்ட குறொஸுக்கு ரொனால்டோ யுவென்டஸுக்கு எதிரா அடிச்சாரே, அதை மெதுவா ஓடவிட்டுப் பாருங்கோ. அவரும் கோலைப் பாக்கவே இல்லை.

வடமராட்சிப் பிள்ளை:
நாவாந்துறைத் தம்பி, அந்த அண்ணை பழக்கச் சொல்லிக் கேக்கேல்லை. கோல் போனதோ எண்டுதான் அவருக்கு மனசுக்க கிடக்குது. எனக்கு அது விளங்குது.
அண்ணா பிரான்ஸ் வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் இரவு ரெண்டு பேரும் விளையாடினம். அம்மா பருத்தித்துறை வடையைப் பேப்பரில சுத்திச் சுத்திச் சூட்கேசுக்க வைக்கிறா. அண்ணா சிசர் கட் அடிச்சு என்ர கோலுக்க போட்டார். அதுதான் அவர் அடிச்ச முதலாவது. "ரிப்ளேயைப் பார், பார்" எண்டு தோளைப் பிடிச்சு உலுப்பினார். தோத்த கோவத்தில நான் எக்ஸை அமத்தி வெட்டிவிட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை. கொன்ட்ரோலரை மேசையில வைச்சிட்டுச் சூட்கேசைப் பூட்டப் போயிட்டார்.

கொக்குவில்காரன்:
தங்கச்சி, இதை அண்ணாட்டச் சொன்னனீங்களே?

வடமராட்சிப் பிள்ளை:
இல்லை அண்ணை. ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறனாங்கள். வாய்க்கு வருகுதில்லை.