கணக்கு வகுப்பில் பரமபதம்: யோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். முழுக்களுக்காகத் தரையில் பரமபதக் கட்டம் வரைந்து, ஏணியில் மிகை எண், பாம்பில் குறை எண் எழுதி, தாயக்கட்டை உருட்டி நகரும்போதே கூட்டிச் சொல்ல வைக்கிறேன், மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை. சிக்கல் புள்ளிப் பலகையில்தான். எப்போதும் அதே நாலைந்து பேர் மேலே, கீழே இருப்பவர்கள் மெல்ல ஒதுங்கிவிடுகிறார்கள், அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. குழுவாகப் புள்ளி கொடுப்பதா, இல்லை அவரவர் போன வாரப் புள்ளியோடு மட்டும் ஒப்பிடுவதா?

அப்புறம், கஹூட் என்ற வினாடி வினாச் செயலி மாதிரி ஆளுக்கொரு போன் வேண்டியது எங்களுக்குச் சரிவராது. ஆசிரியர் போன் ஒன்றே போதும், பிள்ளைகள் காட்டும் அட்டையைக் கேமரா படித்துக்கொள்ளும் பிளிக்கர்ஸ் செயலியை, நாற்பது பேர் வகுப்பில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? பின் பெஞ்சு அட்டைகளையும் சரியாகப் படிக்கிறதா?